18, 20, 23: கல்லூரி ஐஸ் ஹாக்கியில் யாரை நம்பி எடுப்பது?

2012 முதல் 2015 வரை ஹோபி பேக்கர் விருது வாங்கிய நான்கு பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1981இலிருந்து கொடுத்து வரும் விருது இது. 2012இல் மின்னசோட்டா டுலூத்தின் ஜாக் கானலி, 2013இல் செயின்ட் கிளவுட் ஸ்டேட்டின் ட்ரூ லெப்ளாங்க், 2014இல் பாஸ்டன் காலேஜின் ஜானி கூட்ரோ, 2015இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஐக்கல். கானலி வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. லெப்ளாங்க் சிகாகோ அணிக்காக இரண்டே ஆட்டம் ஆடினார். கூட்ரோ பின்னாளில் ஒரே சீசனில் 115 பாயின்ட் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிவகுத்த பாஸான அசிஸ்ட்டுக்கு ஒன்று) எடுத்தார். ஐக்கல் 2023இல் வேகஸ் அணியோடு, என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

ஒரே விருதை வாங்கியவர்களுக்குள் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? அதிர்ஷ்டம், காயம், பயிற்சியாளர் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் விருது வாங்கியபோது அவர்களின் வயதை எழுதிப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்: 22, 23, 20, 18.

ஒவ்வொரு மார்ச், ஏப்ரலிலும் கல்லூரி சீசன் முடியும்போது என்.எச்.எல். அணிகள் இந்தப் பையன்களோடு ஒப்பந்தம் போட ஓடுகின்றன. ரசிகர்களும் தங்கள் அணி யாரை எடுக்கிறது என்று பார்த்து, உடனே அவனை அடுத்த நட்சத்திரமாக்கிவிடுகிறார்கள். டொரொன்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த வசந்தகாலக் காய்ச்சல் நன்றாகத் தெரியும். 2023இல் மின்னசோட்டாவிலிருந்து மேத்யூ நைஸ் வந்தபோது எவ்வளவு பேச்சு! அணி நிர்வாகத்தின் இடத்தில் நீங்கள் இருந்தால் யாரை எடுப்பீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஓர் அணி ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆகவே ஒருவனுக்குக் கொடுக்கும் இடம் இன்னொருவனுக்கு இல்லாமல் போகும் இடம்.

மேடையில் இருப்பவர்கள் மூன்று வகை. கல்லூரிக்கு வந்த முதல் ஆண்டே கலக்கும் 18 வயதுப் பையன். டிராஃப்டில், அதாவது என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களின் உரிமையை முறை வைத்துச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், நடுவிலோ கடைசியிலோ எடுக்கப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டு கல்லூரியில் வளர்ந்த 20, 21 வயதுக்காரன். டிராஃப்டில் யாருமே எடுக்காமல், நான்கு ஆண்டும் ஆடி முடித்துவிட்டு, எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் நிற்கும் 23 வயதுக்காரன். கோல்கீப்பர்கள் இதில் எதிலும் அடங்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனியாக வருகிறேன்.

பாயின்ட் கணக்கை எப்படிப் படிப்பது

முதலில் கல்லூரி ஹாக்கியின் அமைப்பைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எண்கள் ஏமாற்றுவது இங்கேதான். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு சீசனுக்கு 34 முதல் 40 ஆட்டம், பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில். மற்ற நாட்கள் வகுப்பு, பயிற்சி, உடற்பயிற்சிக் கூடம். என்.எச்.எல்.லில் 2025-26 வரை 82 ஆட்டம். கனடாவில் 16 முதல் 20 வயதுக்காரர்கள் ஆடும் மேஜர் ஜூனியர் லீகுகளில் 64 முதல் 68. உடம்பு இன்னும் முற்றாத பையனுக்கு இந்த அட்டவணை ஒரு வரம். ஆனால் வாரத்தில் நாலு நாள் ஆடி, இடையில் விமானம் ஏறி, களைத்த காலோடு ஸ்கேட் பண்ணும் பழக்கம் அவனுக்கு இருக்காது.

களத்தில் எல்லாரும் முகம் முழுக்க மூடிய ஹெல்மெட் போட்டிருப்பார்கள். சண்டை போட்டால் வெளியேற்றம். அரங்கங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மரியுச்சி அரங்கம் வெகுகாலம் 100 அடி அகலமுள்ள ஒலிம்பிக் அளவில் இருந்தது, 2023இல்தான் குறுக்கினார்கள். என்.எச்.எல். அகலம் 85 அடி. அகலமான பனியில் பக் என்ற ரப்பர் வட்டோடு சுற்றிச் சுற்றி நேரம் எடுத்துக்கொள்பவன், 85 அடிக்குள் வந்ததும் நேரம் போதாமல் திணறுவதுண்டு.

இதையெல்லாம் ஒரு எண்ணுக்குள் அடக்கப் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. புள்ளிவிவர ஆய்வாளர் கேப்ரியல் டெஸ்ஜார்டின்ஸ் பிரபலமாக்கியது. ஒரு லீகில் எடுத்த பாயின்ட் என்.எச்.எல்.லில் எவ்வளவுக்குச் சமம் என்று, இரண்டிலும் ஆடியவர்களை வைத்துக் கணக்கிடுவார்கள். வலுவான கல்லூரிக் கூட்டமைப்பில் (தமக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) எடுத்த ஒரு பாயின்ட்டுக்கு என்.எச்.எல்.லில் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான் மதிப்பு. அதாவது கல்லூரியில் ஆட்டத்துக்கு ஒரு பாயின்ட் எடுப்பவன் மேலே போனால் முழு சீசனுக்கு முப்பது சொச்சம். வலுக்குறைந்த கூட்டமைப்பு என்றால் இன்னும் கழியும். நல்ல கருவிதான். ஆனால் வயதைச் சேர்க்காமல் இதைப் பயன்படுத்தினால் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஏன் என்றால், கல்லூரி ஹாக்கியில் 'முதலாண்டு மாணவன்' என்றால் 18 வயது என்று அர்த்தமில்லை. பள்ளி முடித்து, யு.எஸ்.எச்.எல். போன்ற ஜூனியர் லீகில் ஓரிரு ஆண்டு ஆடிவிட்டு 20, 21 வயதில் கல்லூரிக்கு வருவது அங்கே சாதாரணம். ஆகவே ஒரே பனியில் 17 வயதுப் பையனும் 24 வயது ஆளும் மோதுகிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டு 80 வாங்குவதும், அதே வகுப்பில் மூன்றாவது வருடம் உட்கார்ந்திருப்பவன் 80 வாங்குவதும் ஒன்றா? மார்க் ஷீட்டில் ஒன்றுதான்.

லெப்ளாங்க் கதையை மறுபடி எடுங்கள். 42 ஆட்டத்தில் 50 பாயின்ட். கால் முறிந்து ஒரு சீசன் போனதால் ஐந்தாவது ஆண்டாக ஆடிக்கொண்டிருந்தார். அறிவாளி ஆட்டக்காரர், அழகாகப் பாஸ் கொடுப்பவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 50 பாயின்ட், தன்னைவிட மூன்று நான்கு வயது குறைந்தவர்களுக்கு எதிராகவும் எடுத்தது. பின்னர் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் அணிக்குப் போய்ப் பல ஆண்டு ஆடினார். தோல்வி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. பல ஆண்டு சம்பளத்துக்கு ஹாக்கி ஆடியவர் தொழில்முறை ஆட்டக்காரர்தானே. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹாக்கியை வைத்துப் பிழைப்பது ஒரு கேள்வி, என்.எச்.எல்.லில் நிலைப்பது வேறு கேள்வி. மூன்று வகைகளில் முதல் கேள்விக்கு வெல்பவன் வேறு, இரண்டாவதற்கு வெல்பவன் வேறு.

18 வயது நட்சத்திரம்

இவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உலகமே சொல்லிவிடுகிறது. 1992-93இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பால் கரியா முதல் ஆண்டிலேயே 39 ஆட்டத்தில் 100 பாயின்ட். ஐக்கல் 40 ஆட்டத்தில் 71. மிச்சிகனின் ஆடம் ஃபான்டில்லி 36இல் 65. பாஸ்டன் பல்கலையின் மேக்லின் செலப்ரினி 17 வயதில் 38 ஆட்டத்தில் 64; 2024இல் விருதை வாங்கிய மிக இளையவர், அதே ஆண்டு டிராஃப்டில் முதல் தேர்வு. தன்னைவிட ஐந்தாறு வயது பெரியவர்களை இந்த வயதில் இப்படி ஓட்டுபவன் என்.எச்.எல்.லுக்குப் போவான் என்பதில் பந்தயமே இல்லை.

ஆனால் அதனாலேயே இவன் உங்கள் தேர்வில் இல்லை. செலப்ரினி வேண்டும் என்றால் உங்கள் அணி முந்தைய சீசனில் மோசமாகத் தோற்றிருக்க வேண்டும், முதல் தேர்வைக் குலுக்கிக் கொடுக்கும் லாட்டரியும் விழ வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கும் பொருள் அல்ல அவன்.

உண்மையான ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது: முதல் சுற்றில் எடுக்கப்பட்ட, நன்றாக ஆடும், ஆனால் மேலே சொன்னவர்கள் அளவுக்கு இல்லாத 19 வயதுக்காரன். கேசி மிட்டல்ஸ்டாட்டை 2017இல் எட்டாவது தேர்வாக பஃபலோ எடுத்தது. மின்னசோட்டாவில் ஒரே ஆண்டு, 34 ஆட்டத்தில் 30 பாயின்ட். 2018 மார்ச்சிலேயே கையெழுத்து வாங்கி மேலே கொண்டுபோனார்கள். உடம்பும் தயாராக இல்லை, ஆட்டமும் தயாராக இல்லை. 2019 டிசம்பரில் ரோச்செஸ்டருக்கு, என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான ஏ.எச்.எல்.லுக்கு, இறக்கினார்கள். பிறகு மீண்டு வந்தார், 2022-23இல் 59 பாயின்ட் எடுத்தார் என்பது அவர் பெருமை. இடையில் வீணான ஆண்டுகளை பஃபலோவுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. ஆட்டத்துக்கு ஒரு பாயின்ட்டுக்குக் கீழே நிற்கும் முதலாண்டு ஃபார்வர்டு இன்னும் ஓர் ஆண்டு கல்லூரியில் இருக்கட்டும் என்பது என் கட்சி. அவன் எவ்வளவு பெரிய தேர்வாக இருந்தாலும் சரி.

இன்னொரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். இந்த நட்சத்திரங்களைக் குவித்து வைத்த கல்லூரிகள் கோப்பையை வெல்வதில்லை என்பது சமீப ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 2021 டிராஃப்டின் முதல் ஐந்து பேரில் நாலு பேர், ஓவன் பவர், மேட்டி பெனீர்ஸ், லூக் ஹியூஸ், கென்ட் ஜான்சன், 2021-22இல் மிச்சிகன் அணியில் ஒன்றாக ஆடினார்கள். அரையிறுதியில் டென்வரிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். 2024 இறுதியில் முதல் சுற்றுத் தேர்வுகள் நிறைந்த பாஸ்டன் காலேஜை அதே டென்வர் 2-0 என்று அடக்கியது. வயது கூடிய, நெடுநாள் சேர்ந்து ஆடிய அணிகள் கல்லூரிக் கோப்பையை வெல்கின்றன. ஆகவே "சாம்பியன் அணியின் கேப்டன்" என்ற பட்டத்தை வைத்து ஒருவனை எடைபோடாதீர்கள். கல்லூரியை வெல்ல வைக்கும் குணமும் என்.எச்.எல்.லில் நிற்க வைக்கும் குணமும் எப்போதும் ஒன்றல்ல.

20 வயதில் திரும்பிப் பார்க்க வைப்பவன்

எனக்குப் பிடித்த வகை இதுதான், மறைக்கவில்லை.

கூட்ரோவை 2011இல் நான்காம் சுற்றில், 104ஆவதாக, கால்கரி எடுத்தது. ஐந்தடி ஒன்பது அங்குலத்தைத் தாண்டாத பையன்; அந்தக் காலத்தில் அந்த உயரத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. பாஸ்டன் காலேஜில் மூன்று ஆண்டும் ஏறிக்கொண்டே போய், கடைசி ஆண்டில் 40 ஆட்டத்தில் 80 பாயின்ட். 2024 ஆகஸ்டில் அவரும் அவர் தம்பியும் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தார்கள். அதுவரை தன் அணிக்கு நம்பிக்கையான முதல்வரிசை ஆட்டக்காரராகவே இருந்தார். ஜோ பவெல்ஸ்கியை 2003இல் ஏழாம் சுற்றில், 205ஆவதாக, சான் ஹோசே எடுத்தது. விஸ்கான்சினில் இரண்டே ஆண்டு, 2006இல் தேசியப் பட்டம், அப்புறம் ஆயிரத்துக்கு மேற்பட்ட என்.எச்.எல். ஆட்டம். ஆடம் ஃபாக்ஸ் 2016இல் 66ஆவது தேர்வு. ஹார்வர்டில் மூன்றாவது ஆண்டில் 33 ஆட்டத்தில் 48 பாயின்ட், அதுவும் தடுப்பாட்டக்காரராக. 2021இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது.

பெயர்களை மட்டும் பொறுக்கினால் எதையும் நிரூபிக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்ட பெரும்பாலான பையன்கள் என்.எச்.எல். பனியை மிதிப்பதேயில்லை. அதனால் சுற்றைப் பார்த்து இவர்களை எடுக்க முடியாது. பார்க்க வேண்டியது ஆண்டுக்கு ஆண்டு வந்த ஏற்றம். அந்த ஏற்றம் 21 வயதுக்கு முன்பு வந்ததா என்பது அடுத்தது.

இதற்கு மிகச் சுத்தமான உதாரணம் ஒரு முதல் சுற்றுத் தேர்வே. கேல் மகார் 2017இல் நான்காவது தேர்வு. மாசசூசட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் போவதற்கு முந்தைய சீசனில் அந்த அணி மொத்தம் ஐந்து ஆட்டம்தான் வென்றிருந்தது. முதல் ஆண்டு 34 ஆட்டத்தில் 21 பாயின்ட். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் கொலராடோ தவறான ஆளை எடுத்துவிட்டது என்று தோன்றும். கொலராடோ அவசரப்படவில்லை, அவரும் அவசரப்படவில்லை. இரண்டாம் ஆண்டு 41 ஆட்டத்தில் 49 பாயின்ட், ஹோபி பேக்கர் விருது, தேசிய இறுதி ஆட்டம். இறுதியில் தோற்ற இரண்டாம் நாள் கால்கரிக்கு எதிரான பிளே ஆஃபில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். கோல் காஃபீல்ட் கதையும் இப்படித்தான். விஸ்கான்சினில் முதல் ஆண்டு 36 ஆட்டத்தில் 36 பாயின்ட், இரண்டாம் ஆண்டு 31 ஆட்டத்தில் 52. அதில் 30 கோல்.

பாயின்ட்டின் உள்ளே போய்ப் பார்க்கவும் இந்த வகையில்தான் பலன் உண்டு. எத்தனை பாயின்ட் பவர் ப்ளேயில் (எதிரணி ஆள் குறைந்து ஆடும்போது) வந்தது, எத்தனை இரு பக்கமும் ஐந்துக்கு ஐந்து ஆடும்போது வந்தது? அசிஸ்ட்டுகளில் எத்தனை நேரடியாகக் கோலுக்கு வழிவகுத்த கடைசிப் பாஸ், எத்தனை அதற்கு முந்தைய பாஸ்? பக்கத்தில் ஆடியவன் யார்? முதல் சுற்றுத் தேர்வு இருவருக்கு நடுவில் ஆடிப் பாயின்ட் சேர்த்தவன், அவர்கள் போன அடுத்த ஆண்டு என்ன செய்தான் என்று பாருங்கள். மேலே போனதும் இவனுக்கு பவர் ப்ளே கிடைக்காது. மாறி மாறி இறங்கும் நான்கு வரிசைகளில் மூன்றாவதிலோ நான்காவதிலோ பத்து நிமிடம் கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பிழைக்கத் தேவையானது ஸ்கேட்டிங்கும், பக் கையில் இல்லாதபோது எங்கே நிற்பது என்ற அறிவும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நான்கு ஆண்டு கல்லூரியை முடிக்கும் பையன், தன்னை டிராஃப்ட் செய்த அணியோடு கையெழுத்துப் போடாமல் காத்திருந்தால், அந்த ஆகஸ்ட் 15க்குப் பிறகு யாரோடும் சேரலாம் என்று விதி. ஜிம்மி வீசியை நாஷ்வில் 2012இல் எடுத்தது. அவர் ஹார்வர்டில் நான்கு ஆண்டு முடித்து, 2016இல் ஹோபி பேக்கர் விருதும் வாங்கி, நாஷ்விலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். வீசியும் ஹார்வர்டு, 66ஆவது தேர்வு. ஃபாக்ஸும் ஹார்வர்டு, 66ஆவது தேர்வு. தற்செயல்தான், ஆனால் ஒப்பிட வசதியாக இருக்கிறது. வீசி 23 வயதில் வந்தார். முதல் மூன்று சீசனில் 16, 17, 17 கோல், பிறகு பல அணிகளில் கடைசி வரிசை வேலை. ஃபாக்ஸ் 21 வயதில் வந்தார். அவரும் எடுத்த அணிக்கு ஆடவில்லை. கால்கரி கைமாற்றி, கரோலினா கைமாற்றி, ரேஞ்சர்ஸிடம் வந்து சேர்ந்தார். ஆகவே மூன்றாம் ஆண்டு முடியும்போது இவனோடு பேசி முடித்துவிட வேண்டும். நான்காம் ஆண்டுக்குப் போக விட்டால் சாவி அவன் கையில்.

23 வயதில் தனியாக நிற்பவன்

யாரும் டிராஃப்ட் செய்யாத இந்த ஆள் வசந்தகாலத்தில் ராஜா. பத்து அணிகள் கூப்பிடும். அணிக்குச் செலவு ஒரு ஒப்பந்தம் மட்டும். டிராஃப்ட் தேர்வு எதையும் இழக்க வேண்டாம். புது ஆட்டக்காரருக்கான முதல் ஒப்பந்தம் 18 முதல் 21 வயது வரை மூன்று ஆண்டு, 22, 23 வயதில் இரண்டு ஆண்டு, 24இல் ஒரே ஆண்டு. அதோடு, ஏப்ரலிலேயே ஓர் ஆட்டத்தில் இறக்கிவிட்டால் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு கழிந்ததாகக் கணக்கு. ஏஜென்ட்டுகள் முதலில் கேட்பது இதைத்தான். ஆகவே மலிவாக வருகிறான், ஆனால் சீக்கிரம் சம்பள உயர்வுக்கு வந்து நிற்பான்.

பெரிய வெற்றிகள் இல்லாமல் இல்லை. வெர்மான்ட்டில் நான்கு ஆண்டு ஆடிய மார்ட்டின் சான் லூயியை 1997இல் யாரும் சீண்டவில்லை, 2004இல் என்.எச்.எல்.லின் அதிக பாயின்ட்டும், லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் ஸ்டான்லி கோப்பையும் அவருக்கு. ஃபெரிஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த கிறிஸ் கூனிட்ஸ் நாலு கோப்பை வென்றார். டென்வரிலிருந்து 2009இல் டொரொன்டோவுக்கு வந்த டைலர் போசாக் பத்தாண்டுக்கு மேல் நம்பகமான சென்டராக நின்றார். கூனிட்ஸும் போசாக்கும் இந்த வகையின் உண்மையான உச்சவரம்பு; சான் லூயி விதிவிலக்கு. மூவருமே முதலில் ஏ.எச்.எல். போன்ற கீழ்நிலை லீகின் பேருந்தில் ஏறி இறங்கியவர்கள்தான்.

வில் புச்சரும் நினைவுக்கு வருகிறார். கொலராடோ டிராஃப்ட் செய்தும் சேராமல், 2017இல் டென்வருக்காகத் தேசியப் பட்டமும் ஹோபி பேக்கரும் வென்று, நியூ ஜெர்சிக்குப் போனவர். முதல் சீசனில் 44 பாயின்ட், எல்லாரும் வியந்தார்கள். அதுவே அவரது சிறந்த சீசனாகவும் ஆனது. 22, 23 வயதில் வருபவன் பெரும்பாலும் முழுதாக வளர்ந்து முடித்தவன். முதல் ஆண்டு எதைக் காட்டுகிறானோ ஏறக்குறைய அதுதான் அவன்.

இவனை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், தேவை தெரிந்திருந்தால். இந்த ஆண்டே நான்காம் வரிசைக்கு ஒருவன் வேண்டும், பெனால்டி கில்லில் (தன் அணி ஆள் குறைந்து ஆடும்போது) நிற்க வேண்டும் என்றால் 23 வயதுக்காரனை விடச் சரியான ஆள் கிடையாது. ஹாக்கியைத் தொழிலாக்கும் வாய்ப்பு மட்டும் என்றால் இவனுக்கே கூடுதல். ஏ.எச்.எல்., அதற்கும் கீழான ஈ.சி.எச்.எல்., ஜெர்மனி, ஸ்வீடன் எங்கும் இவனுக்கு வேலை உண்டு. ஆனால் இவனுக்காக முதல் இரண்டு வரிசைகளில் இடம் காலி பண்ணி வைக்காதீர்கள். ஒரு விலக்கு: டிராஃப்ட் ஆகாதவன் மூன்றாம் ஆண்டோடு 20 வயதில் வெளியே வந்தால் அவன் இந்த வகையே இல்லை. டோரி க்ரூக் 2012இல் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து பாஸ்டனுக்கு அப்படித்தான் வந்தார்.

கோல்கீப்பர்களுக்கு மேலே சொன்ன வயதுக் கணக்கு செல்லாது. கானர் ஹெலிபக் டெக்சஸின் ஒடெஸ்ஸாவில் ஆடிக்கொண்டிருந்தபோது 2012இல் 130ஆவதாக எடுக்கப்பட்டார். மாசசூசட்ஸ் லோவெல்லில் இரண்டு ஆண்டு. பிறகு சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது மூன்று முறை, 2025இல் ஹார்ட் விருது. சான் லூயியின் வெர்மான்ட் அணியில் கோல் காத்த டிம் தாமஸ், 1994இல் 217ஆவது தேர்வு, பின்லாந்து வரை சுற்றிவிட்டு 31 வயதில்தான் பாஸ்டனில் முதன்மைக் கோல்கீப்பரானார். 37 வயதில் கோப்பை. 23 வயதுக் கோல்கீப்பரை வயதைச் சொல்லி ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஆக, கையில் ஒரே ஒரு ஒப்பந்தம் இருந்தால் என் கை போவது 20, 21 வயதுக்காரன் பக்கம்: இரண்டு ஆண்டாக ஏறிக்கொண்டே வருபவன், அதிலும் தடுப்பாட்டக்காரன் என்றால் இன்னும் நல்லது. ஃபார்வர்டுகளில் பவர் ப்ளேயைக் கழித்தும் எண் நிற்க வேண்டும். இரண்டு ஒப்பந்தம் இருந்தால் இரண்டாவது ஒரு கோல்கீப்பருக்கு. 23 வயது ஹோபி பேக்கர் நாயகன் எனக்கு மூன்றாவது இடம். மேடையில் எவ்வளவு கைதட்டல் கேட்டாலும்.

இந்தக் கணக்கை 2025 முதல் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. கனடாவின் மேஜர் ஜூனியரில் ஆடியவர்களை என்.சி.ஏ.ஏ. தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லி இத்தனை காலம் கதவை அடைத்திருந்தது. 2024 நவம்பர் 7 அன்று அந்தத் தடையை நீக்க வாக்களித்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. முன்பெல்லாம் 16 வயதில் ஒரு குடும்பம் கல்லூரியா, ஜூனியரா என்று ஒரே தடவை, திரும்ப முடியாதபடி முடிவெடுக்க வேண்டும். இப்போது இரண்டும் உண்டு. மெடிசின் ஹாட் ஜூனியர் அணியில் 56 ஆட்டத்தில் 129 பாயின்ட் எடுத்த கேவின் மெக்கென்னா, 17 வயதில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரைப் போன்றவர்கள் சிலர்தான். அதிகம் வருபவர்கள் ஜூனியரில் முழுக் காலமும் ஆடி முடித்த 20, 21 வயதுக்காரர்கள். முன்பு கனடியப் பல்கலைக்கழகங்களுக்கோ சிறிய லீகுகளுக்கோ போயிருப்பார்கள்.

இவர்கள் வருவதால் கல்லூரி ஹாக்கி வலுவாகிறது, 18 வயது அமெரிக்கப் பையனுக்கு இடம் குறைகிறது. அதோடு, பாயின்ட் பட்டியலின் மேல்பகுதியில் 'முதலாண்டு மாணவன்' என்ற அடையாளத்தோடு 21 வயதுக்காரர்கள் நிறையத் தெரிவார்கள். ஜூனியரில் 68 ஆட்டம் ஆடிப் பழகிய காலுக்கு வாரம் இரண்டு ஆட்டம் எளிது. முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்கு ஒன்றரை பாயின்ட் எடுப்பான், அணிகள் அவனைக் கூட்ரோ என்று நினைத்துத் துரத்தும். அப்படி ஒருவன் உங்கள் அணிக்கு வந்தால், ஜூனியரில் 18, 19 வயதில் என்ன செய்தான் என்று முதலில் தேடிப் பாருங்கள். அங்கே அவன் நடுவரிசை ஆளாக இருந்திருந்தால், உங்களுக்குக் கிடைத்திருப்பது இன்னொரு 23 வயதுக்காரன். நான்காம் வரிசைக்கு எடுத்துக்கொள்ளலாம்.